14 அட்டைப்பெட்டிகளும் ஒரு வீடியோ செயலியும்

வீடு மாற்றும்போது 14 அட்டைப்பெட்டிகள் கட்டினோம். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் "சாமான்", "சாமான் 2", "மற்றவை" என்று எழுதி வைத்தேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது புது வீட்டில் முதல் நாள் இரவு ஸ்குரூ டிரைவர் தேடும்போதுதான் தெரிந்தது. ஏழு பெட்டிகளைப் பிரித்துக் கொட்டினோம், எட்டாவதில் இருந்தது. அன்றைக்குத் தோன்றிய யோசனைதான் இது: பெட்டியை மூடுவதற்கு முன்னால் போனை எடுத்து உள்ளே ஒரு சுற்று வீடியோ பிடித்துவிட்டால் போதும், எந்தப் பொருள் எந்தப் பெட்டியில் என்ற பட்டியலை ஏஐ எழுதிக்கொள்ளட்டும். ஒவ்வொரு பொருளாகத் தட்டச்சு செய்யச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள், நானே செய்யமாட்டேன். 40 விநாடி வீடியோ என்றால் எடுத்துவிடுவேன்.

ஒரு வார இறுதி வேலை என்று நினைத்து ஆரம்பித்தேன், ஐந்து மாதம் ஓடிவிட்டது. அந்த ஐந்து மாதத்தில் ஏஐ மாடலோடு மல்லுக்கட்டியது மொத்தமாகப் பார்த்தால் இரண்டு வாரம் இருக்கும். மீதி எல்லாம் வீடியோவிலிருந்து எந்தப் படத்தை எடுத்து அதற்குக் கொடுப்பது, அது சொன்னதை எப்படிச் சரிபார்ப்பது என்பதிலேயே போனது.

முதல் பதிப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. வீடியோ கோப்பை அப்படியே, வீடியோவை நேரடியாக வாங்கிக்கொள்ளும் ஒரு பெரிய மாடலுக்கு அனுப்பி, இதில் தெரியும் பொருட்களை ஜேசன் வடிவில், அதாவது நிரல் படிக்கத்தக்க ஒழுங்கில், பட்டியலிடு என்று கேட்டேன். அரை நிமிடத்தில் பட்டியல் வந்து நின்றது. டேப், பேட்டரி, பழைய ரிமோட், கத்திரிக்கோல் என்று வரிசையாகப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே அக்கா போனில் போட்டுக் கொடுத்தேன். அவள் தன் வீட்டு மேசை இழுப்பறையைப் படம் பிடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"டேய், கத்திரிக்கோல் அஞ்சுன்னு போட்டிருக்கு. வீட்டுல இருக்கிறதே ஒண்ணுதான்டா."

சரி, எண்ணிப் பார்த்துவிடலாம் என்று என்னுடைய ஒரு பெட்டியைத் தரையில் கொட்டி, பேனாவும் தாளுமாக உட்கார்ந்தேன். மொத்தம் 43 பொருட்கள். செயலி கொடுத்தது 38 வரிகள். அதில் 9 வரிகள் ஏற்கெனவே எழுதிய பொருளையே திரும்ப எழுதியவை, 4 வரிகளில் இருந்தவை அந்தப் பெட்டியிலேயே கிடையாது. ஆக 43க்கு 25. மேலோட்டமாகப் பார்த்தால் பட்டியல் அவ்வளவு நம்பகமாகத் தெரிந்தது! இப்படிக் கொட்டி எண்ணாமல் இருந்திருந்தால் அப்படியே வெளியிட்டிருப்பேன். அதன்பிறகு மேலும் ஐந்து பெட்டிகளை இதே மாதிரி எண்ணி, ஆறு வீடியோ, ஆறு கைப்பட்டியல் என்று வைத்துக்கொண்டேன். அடுத்து செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் இந்த ஆறோடு ஒப்பிட்டுத்தான் வைத்துக்கொள்வதா தூக்கிப்போடுவதா என்று முடிவு செய்தேன்.

விட்டுப்போன 18 பொருட்கள் ஏன் விட்டுப்போயின? மாடலின் ஆவணத்தை அதற்குப் பிறகுதான் பொறுமையாகப் படித்தேன். வீடியோவைப் பார்க்கும் மாடல் என்றால் எல்லா பிரேமையும், அதாவது வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்கள் அத்தனையையும், பார்க்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கூகுளின் ஜெமினி 2.0 மாடல் காலத்து ஆவணத்தை எடுத்துக்கொண்டால், நாம் எதையும் மாற்றாதவரை அது விநாடிக்கு ஒரு பிரேம்தான் எடுக்கிறது, ஒரு பிரேமுக்கு 258 டோக்கன் (மாடலுக்குக் கொடுப்பதை அளக்கும் அலகு), ஒலிக்கு விநாடிக்கு 32 டோக்கன். 40 விநாடி வீடியோவில் விநாடிக்கு 30 வீதம் 1,200 பிரேம்கள் இருக்கின்றன. அதில் 40 போகிறது, 1,160 போவதே இல்லை. ஒரு மணி நேர உரையைச் சுருக்கித் தர இந்த ஏற்பாடு தாராளம், அதில் தப்பே இல்லை. ஆனால் பெட்டிக்குள் கேமராவை ஒரு சுழற்று சுழற்றும்போது மூலையில் கிடக்கும் பேட்டரி திரையில் அரை விநாடிதான் இருக்கும். அந்த அரை விநாடியில் ஒரு பிரேம் சிக்குவதே அதிர்ஷ்டம், சிக்கியதும் கலங்கலாக இருந்தால் முடிந்தது கதை.

அதனால் பிரேம்களை நானே பொறுக்குவது என்று தீர்மானித்தேன். வீடியோவைத் தொட்டே பழக்கம் இல்லாத ஆள் நான், அடுத்த ஒரு மாதம் அடி மேல் அடி.

1080பி வீடியோவில் ஒரு பிரேமை விரித்து வைத்தால் 1920 பெருக்கல் 1080 புள்ளி, புள்ளிக்கு 3 பைட், அதாவது ஏறக்குறைய 6.2 எம்பி. ஒரு நிமிடத்துக்கு 1,800 பிரேம், 11 ஜிபிக்கு மேல். இதைத்தான் போன் சில பத்து எம்பிக்குள் சுருட்டி வைக்கிறது. எப்படிச் சுருட்டுகிறது என்றால், அவ்வப்போது ஒரு பிரேமை மட்டும் முழுப் படமாக வைத்துக்கொண்டு, இடையில் இருப்பவற்றை முன்னதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பாக மட்டும் எழுதி வைக்கிறது. அந்த முழுப் படத்துக்குக் கீபிரேம் என்று பெயர். நடுவில் உள்ள ஒரு பிரேம் வேண்டுமென்றால் முந்தைய கீபிரேமிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வரவேண்டும். இது எனக்குத் தெரியாமல் கால் விநாடிக்கு ஒரு படம் கேட்டு எழுதினேன், ஒரே படம் நான்கு முறை, அடுத்த படம் நான்கு முறை என்று வந்தது. வட்டமிட்டு வட்டமிட்டுப் பிழை தேடினேன். ஐபோனில் படம் எடுத்துத் தரும் ஏவிஅசெட்இமேஜ்ஜெனரேட்டருக்கு நேர விலகல் எவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அமைப்பு உண்டு, நாம் எதுவும் சொல்லாவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் சுலபமாகக் கிடைக்கும் பிரேமைக் கொடுத்துவிடும். ஆண்ட்ராய்டின் மீடியாமெட்டாடேட்டாரிட்ரீவரும் சும்மா கேட்டால் பக்கத்துக் கீபிரேமைத்தான் தரும். இரண்டிலும் துல்லியமாகக் கேட்க வழி இருக்கிறது, ஆனால் மெதுவாகும். ஒவ்வொரு படத்துக்கும் தாவித் தாவிப் போவதை விட்டுவிட்டு, வீடியோவை முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஓட்டமாக அவிழ்த்துக்கொண்டே போய் வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டதும் வேகமும் வந்தது, படங்களும் சரியாக வந்தன.

அப்புறம் படுத்துக்கிடக்கும் படங்கள். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் கோப்புக்குள் வீடியோ படுக்கையாகத்தான் இருக்கும், 90 பாகை திருப்பிக் காட்டு என்று கூடவே ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி அதைப் பார்த்துத் தானாகத் திருப்பிவிடுகிறது, நான் எழுதிய குறியீடு திருப்பவில்லை. இதை ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், ஏனென்றால் படம் படுத்துக்கிடந்தாலும் மாடல் பாட்டுக்குப் பொருட்களைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. லேபிளில் உள்ள எழுத்துகளை மட்டும் தப்பாக வாசித்தது. குப்பையைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் ஏதோ ஒரு பதிலைத் தருவதுதான் இந்த மாடல்களோடு வேலை செய்வதில் பெரிய தொல்லை. பழைய மாதிரி நிரல் என்றால் பிழைச் செய்தி காட்டிவிட்டு நின்றிருக்கும்.

நிறம் இன்னொன்று. ஐபோன் 12 முதல் வந்தவற்றில் பெரும்பாலானவை வழக்கமாக ஹெச்டிஆரில் (இருட்டையும் வெளிச்சத்தையும் அதிக வீச்சில் பதியும் முறை) வீடியோ எடுக்கின்றன, அதைச் சாதாரண ஜேபெக்காக நேரடியாக மாற்றினால் சாம்பல் பூத்த மாதிரி வெளிறிப்போகும். ஒளி அளவுகளை முறைப்படி இறக்கி மாற்றவேண்டும், டோன் மேப்பிங் என்பார்கள். ஒரு நாள் வேலை, முடிந்தது.

நேரக் கணக்கு கொஞ்சம் நுணுக்கமானது. 300ஆவது பிரேம் என்றால் 30ஆல் வகுத்துப் பத்தாவது விநாடி என்று எழுதி வைத்திருந்தேன். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் தாமாகவே விநாடிக்கு 24 பிரேமுக்கு இறங்கும், இடையில் ஏறி இறங்கவும் செய்யும். அலமாரிக்குள் போனை நீட்டினால் இருட்டுதானே. பட்டியலில் ஒரு பொருளைத் தட்டினால் வீடியோ அந்த விநாடிக்குப் போய் நிற்கவேண்டும் என்று செய்திருந்தேன், வீடியோவின் தொடக்கத்தில் சரியாக நின்றது, போகப் போக விலகி முடிவில் நான்கைந்து விநாடி தள்ளி வேறெதையோ காட்டியது. ஒவ்வொரு பிரேமோடும் அதன் நேர முத்திரை கோப்பிலேயே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் போதும், வகுத்தல் கணக்கே வேண்டாம்.

இனி கலங்கல். ஐந்து மாதத்தில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

படம் தெளிவா கலங்கலா என்று அளக்க எல்லோரும் சொல்லும் வழி லாப்ளாசியன் மாறுபாடு. விளிம்புகள் கூர்மையாக இருந்தால் எண் பெரிதாக வரும், கலங்கினால் சிறிதாகும். ஒரு எல்லை எண்ணை வைத்து அதற்குக் கீழே இருப்பதைக் கழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வலைப்பை, கட்டம் போட்ட துணி இதெல்லாம் கலங்கியிருந்தாலும் பெரிய எண், வெள்ளை அட்டையும் வெறும் பிளாஸ்டிக் டப்பாவும் பளிச்சென்று இருந்தாலும் சிறிய எண். எண் படத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஆடுகிறது. ஆகவே பொதுவான எல்லை என்று எதையும் வைக்காமல், முக்கால் விநாடிக்குள் வரும் இருபத்துச் சொச்சம் பிரேம்களில் எது ஆகக் கூர்மையோ அதை மட்டும் எடு என்று மாற்றினேன். அக்கம்பக்கத்துப் பிரேம்களில் ஏறக்குறைய ஒரே காட்சிதான் இருக்கும், எனவே அவற்றுக்குள் ஒப்பிடுவது நியாயமான ஒப்பீடு. கைப்பட்டியலோடு பார்த்தபோது இந்த ஒரு மாற்றம் கொடுத்த பலனை வேறெதுவும் கொடுக்கவில்லை, மாடலை மாற்றியதுகூட.

ஆனால் அந்த இருபதுமே கலங்கலாக இருந்தால்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். படத்தின் அகலம் 1920 புள்ளி, கேமரா பார்க்கும் கோணம் சுமார் 65 பாகை என்றால் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 30 புள்ளி. கையை விநாடிக்கு 30 பாகை வேகத்தில் திருப்புகிறோம், அது ஒன்றும் வேகமே இல்லை. இருட்டில் கேமரா ஒவ்வொரு பிரேமுக்கும் விநாடியில் 30இல் ஒரு பங்கு நேரம் ஒளியை வாங்குகிறது என்றால், அந்த நேரத்துக்குள் காட்சி ஒரு பாகை நகர்ந்துவிடும், அதாவது 30 புள்ளி இழுவிவிடும். லேபிளில் உள்ள எழுத்தின் உயரமே 20 புள்ளிதான். எந்த மாடலைக் கொண்டுவந்தாலும் அதை வாசிக்க முடியாது, வாசித்தேன் என்று சொன்னால் அது ஊகம். ஒளி வாங்கும் நேரத்தை 120இல் ஒரு பங்காகக் குறைத்தால் இழுவல் 7, 8 புள்ளிக்குள் நிற்கும். படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும், கூடட்டும். இரைச்சல் படிந்த எழுத்தை மாடல் வாசித்துவிடுகிறது, இழுவிய எழுத்தைத்தான் முடிவதில்லை.

இதற்காகவே செயலிக்குள் சொந்தக் கேமரா வைத்தேன். போனில் உள்ள கைரோஸ்கோப் திருப்பும் வேகத்தைச் சொல்லும், அது எல்லையைத் தாண்டினால் "மெதுவாக" என்று திரையில் காட்டிப் போன் அதிரும். அக்காவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "சும்மா சும்மா என்னைத் திட்டிட்டே இருக்குடா" என்றாள். எழுத்தையும் அதிர்வையும் எடுத்துவிட்டுத் திரையின் கீழே ஒரு கோடு மட்டும் வைத்தேன், மெதுவாகப் போனால் பச்சை, வேகம் கூடினால் மெல்ல வெளிறும். ஒன்றும் விளக்காமலே இரண்டாவது வீடியோவில் அவள் கை தானாக நிதானப்பட்டது. போன் விளக்கைப் போட்டுப் பார்த்தோம், பளபளப்பான டப்பாக்களில் வெள்ளைத் திட்டு விழுந்து லேபிள் போய்விட்டது. வேண்டாம் என்று விட்டோம்.

ஐந்து கத்திரிக்கோல் பிரச்சினைக்கு வருகிறேன். ஒரே பொருள் பத்துப் பிரேமில் வரும், ஒவ்வொன்றிலும் மாடல் அதை எழுதும். இரண்டும் ஒன்று என்று எப்படித் தெரியும்? மாடலிடமே எல்லாப் பிரேமையும் மொத்தமாகக் கொடுத்து, ஒரே பொருளை ஒரு முறைதான் எழுதவேண்டும் என்று சொன்னேன். எதிர்த்திசையில் சாய்ந்தது: உண்மையிலேயே இரண்டு இருந்த அடாப்டர்களை ஒன்றாக்கிவிட்டது. பெட்டிக்குள் பொருள் நகரவில்லை, கேமராதானே நகர்கிறது, அப்படியானால் பிரேம்களை ஒன்றோடொன்று பொருத்தி ஒரே பெரிய படமாகத் தைத்துவிட்டால் ஒரே இடத்தில் இருப்பது ஒரே பொருள் என்று ஆகுமே என்று யோசித்து, அடையாளப் புள்ளிகளைத் தேடிப் பொருத்தும் ஓஆர்பி முறையில் மூன்று வாரம் உழைத்தேன். தட்டையான சுவர் அலமாரிக்கு அருமையாக வேலை செய்தது. ஆழமான பெட்டிக்குக் கோணம் மாறினால் மேலே இருப்பது ஒரு பக்கமும் அடியில் இருப்பது இன்னொரு பக்கமும் நகரும், தையல் பிய்ந்துவிடும். யாராவது ஒரு பொருளைக் கையில் தூக்கிக் காட்டினால் மொத்தமும் காலி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, எத்தனை கத்திரிக்கோல் என்று யார் கேட்டார்கள்? நான் தேடியது ஸ்குரூ டிரைவர் எந்தப் பெட்டியில் என்று. பெட்டி எண்தான் வேண்டும், எண்ணிக்கை வேண்டாம். ஒரு பெட்டிக்குள் ஒரே பெயரும் ஒரே மாதிரித் தோற்றமும் உள்ளவற்றை ஒரே வரியில் அடுக்கி, எண்ணிக்கையைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன். மூன்று வார வேலை அப்படியே குறியீட்டின் ஒரு தனிக் கிளையில் தூங்குகிறது. இதுவே காப்பீட்டுக்கு வீட்டுப் பொருட்களைக் கணக்கெடுக்கும் செயலியாக இருந்தால் இப்படித் தப்பித்திருக்க முடியாது, அங்கே எண்ணிக்கைதான் காசு.

இடையில் ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பொருள் படத்தில் எங்கே இருக்கிறது என்று மாடலிடம் கேட்டு, அந்தச் சதுரத்தை வெட்டிச் சின்னப் படமாகப் பட்டியலில் காட்டினேன். எல்லாமே தப்பாக வெட்டுப்பட்டன, பேட்டரி என்று போட்டுத் தரையைக் காட்டியது. மாடலுக்கு இடம் சொல்லத் தெரியவில்லை என்று இரண்டு நாள் பொருமினேன். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது: மேல், இடது, கீழ், வலது என்ற வரிசை, 0 முதல் 1000 வரையிலான அளவு. நான் இடது, மேல் என்று வாசித்துக்கொண்டிருந்தேன்.

இல்லாத பொருட்களை எழுதிய விவகாரம் இதைவிடச் சுவையானது. என் பெட்டியில் ஒரு ஜோடி ஷூ இருப்பதாகப் பட்டியல் சொன்னது. இருந்தது ஷூ டப்பா. உள்ளே பல்புகள். மேலே அச்சடித்த படத்தைப் பார்த்து எழுதிவிட்டது. பாதி மறைந்து தெரிந்த புத்தக முதுகுகளுக்கு முழுத் தலைப்பையும் எழுதிக் கொடுத்தது, எடுத்துப் பார்த்தால் வேறு புத்தகம். கறுப்பு வயர் எதுவாக இருந்தாலும் ஹெச்டிஎம்ஐ கேபிள் என்றது. மூன்று மாடல்களை மாற்றிப் பார்த்தேன், அளவு கூடக் குறைய இருந்ததே தவிர மூன்றுக்கும் இதே பழக்கம்.

கேட்கும் விதத்தைத்தான் மாற்றவேண்டியிருந்தது. நான் கொடுத்த ஜேசன் அமைப்பில் பிராண்ட், மாடல் எண் எல்லாம் கட்டாயப் புலங்களாக, அதாவது நிரப்பியே ஆகவேண்டிய கட்டங்களாக, இருந்தன. கட்டாயம் என்றால் அது எதையாவது எழுதித்தானே ஆகவேண்டும்? எல்லாவற்றையும் காலியாக விட அனுமதித்தேன். "தெரியும் எழுத்துகள்" என்று ஒரு புலம், "என்னவாக இருக்கலாம்" என்று இன்னொரு புலம். ஊகிப்பதற்குத் தனி இடம் கொடுத்ததும் தெரியும் எழுத்துகள் புலத்தில் அது கை வைப்பது குறைந்தது. எத்தனை சதவீதம் உறுதி என்று கேட்டு வாங்கிக்கொண்டிருந்த எண்ணைத் தூக்கிவிட்டேன், எதைக் கேட்டாலும் 0.95 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக, வெட்டிய சின்னப் படத்தை மட்டும் தனியாக அனுப்பி இரண்டாவது முறை கேட்கிறேன். இது கத்திரிக்கோலா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்கிறது, ஆமாம் சாமி வேலை. இது என்ன என்று வெறுமனே கேட்டு, வரும் பதில் முதல் பதிலோடு பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். பொருந்தாவிட்டால் அந்த வரி சந்தேகப் பட்டியலுக்குப் போகும்.

குரல் விஷயத்தில் எனக்கு எந்தத் திட்டமும் இல்லை, அது தானாக வந்தது. அக்காவின் வீடியோக்களை ஒலியோடு பார்த்தபோது அவள் எடுத்துக்கொண்டே முணுமுணுப்பது கேட்டது: "இது பழைய லேப்டாப் சார்ஜர், வேலை செய்யாது, தூக்கிப் போடணும்." வேலை செய்யாது என்பதை எந்தப் படத்திலிருந்து எந்த மாடல் கண்டுபிடிக்கும்? யாருடையது, எதற்கு வைத்திருக்கிறோம், உள்ளே என்ன என்று படத்தில் இல்லாத எல்லாம் பேச்சில் இருந்தது. பேச்சை நேரத்தோடு எழுத்தாக்கி, அந்த நேரத்துப் பிரேம்களோடு சேர்த்து மாடலுக்குக் கொடுத்தேன். ஷூ டப்பாவில் பல்பு இருப்பது அப்படித்தான் சரியானது. பொருளைக் காட்டுவதற்கு முன்னாலேயே பெயரைச் சொல்பவர்கள் உண்டு, காட்டி முடித்தபின் சொல்பவர்கள் உண்டு. அதனால் முன்னும் பின்னும் 3 விநாடி இடம் விட்டுப் பொருத்துகிறேன். யாரும் பேசாத இடங்களில் பேச்சை எழுத்தாக்கும் மாடல் சும்மா இருக்காமல், பார்த்தமைக்கு நன்றி என்ற ரீதியில் எதையாவது எழுதியது. பேச்சு இருக்கும் துண்டுகளை மட்டும் முதலில் பிரித்தெடுத்து அனுப்பியதும் அது நின்றது. தேடும்போது ஒருவர் சார்ஜர் என்று தமிழில் அடிப்பார், இன்னொருவர் ஆங்கிலத்தில் அடிப்பார். எனவே ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எழுத்திலும் பெயர்களைச் சேமிக்கிறேன்.

இதே ஒலிதான் என்னைப் பயமுறுத்தவும் செய்தது. ஒரு பட்டியலில் சம்பந்தமே இல்லாத நீளமான குறிப்பு ஒன்று இருந்தது. வாசித்தால், பக்கத்து அறையில் அம்மா யாரிடமோ போனில் பேசிய குடும்பச் சங்கதி, வார்த்தைக்கு வார்த்தை. அப்புறம்தான் மற்ற வீடியோக்களை வேறு கண்ணோடு பார்த்தேன். கூரியர் உறையில் முழு முகவரி, ஓரமாக ஒரு மருத்துவ அறிக்கை, பின்னால் திறந்து கிடந்த கணினித் திரை. கோப்போடு சேர்ந்து வரும் குறிப்புகளில், அதாவது மெட்டாடேட்டாவில், எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை. புகைப்படம் எடுக்கும்போது சட்டத்துக்குள் என்ன வருகிறது என்று கொஞ்சமாவது பார்ப்போம், வீடியோவில் கை போகும் வழியில் எல்லாம் வந்துவிடுகிறது. இதை எல்லாம் முழுசாக என் சர்வரில் வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிரேம் பொறுக்கும் வேலை முழுவதையும் போனுக்குள்ளேயே மாற்றினேன். வீடியோ போனை விட்டு வெளியே போகாது. பொறுக்கிய 30 படங்கள், முகம் இருந்தால் மங்கலாக்கி, மெட்டாடேட்டாவை நீக்கி, அவை மட்டும் போகும். பேச்சும் போனிலேயே எழுத்தாகிறது. செயலிக் கேமராவிலிருந்து 50 செமீக்கு மேல் தள்ளி இருப்பவரின் குரலை ஒதுக்க ஏதாவது வழி உண்டா என்று தேடினேன், நம்பும்படி எதுவும் அமையவில்லை. அதனால் எழுத்தான பேச்சை அனுப்பும் முன் ஒரு முறை திரையில் காட்டி, வேண்டாத வரியைத் தட்டினால் நீங்கும்படி வைத்தேன்.

இதில் எதிர்பாராத லாபமும் வந்தது. ஐபோனில் விநாடிக்கு 30 பிரேம் வீதம் எடுத்த 4கே வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, 40 விநாடிக்கு 113 எம்பி. 10 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற ஒன்றரை நிமிடம் ஆகும். 30 படங்கள் ஆளுக்கு 300 கேபி என்றால் 9 எம்பி, ஏழெட்டு விநாடியில் முடியும். பட்டியலுக்காகக் காத்திருக்கும்போதே செயலியை மூடிவிட்டுப் போனவர்கள் இப்போது காத்திருக்கிறார்கள். ஏற்கெனவே எடுத்து கேலரியில் வைத்த வீடியோவைத் தேர்ந்தெடுத்தால் ஐபோன் அதை மறுபடி மாற்றிக் கொடுத்து நேரத்தைத் தின்றது, உள்ளது உள்ளபடியே கொடு என்று கேட்க ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டதும் சரியானது.

சரிபார்க்கும் திரையை நான்கு முறை மாற்றி எழுதினேன். முதலில் எல்லா வரிக்கும் டிக் பெட்டி வைத்தேன், யாரும் டிக் செய்யவில்லை, எல்லாம் சரி என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்கள். இப்போது சந்தேகமான ஐந்தாறு மட்டும், அதுவும் பெரிய படமாக, கீழே இரண்டு பெயர்கள். படத்தைப் பார்த்ததும் கை தானாகச் சரியான பெயரைத் தொடுகிறது. மீதி எல்லாம் கேட்காமலே சேர்ந்துவிடும். தேடும்போது வெறும் பெயரோடு நிறுத்தாமல் அந்த இரண்டு விநாடி வீடியோத் துண்டு ஓடுகிறது. பெயர் தப்பாக இருந்தாலும் துண்டைப் பார்த்தால் அது என்ன, பக்கத்தில் என்னென்ன கிடக்கிறது, பெட்டியின் எந்த மூலை என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது. பட்டியலே இல்லாமல் இந்தத் துண்டுகளை மட்டும் கொடுத்திருந்தால்கூடப் பாதிப் பேருக்குப் போதுமாயிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பழைய 43 பொருள் பெட்டியில் இப்போதைய பதிப்பு 36ஐச் சரியாகச் சொல்கிறது, ஒன்று தப்பு, 6 விடுபடுகின்றன. விடுபட்ட ஆறும் மற்றவற்றுக்கு அடியில் கிடப்பவை. கேமராவுக்குத் தெரியாததை எப்படி எழுதுவது? "அப்ப கட்டி முடிச்சப்புறம் ஏன்டா எடுக்கணும், உள்ள வைக்கும்போதே எடுத்தா என்ன?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. போனைத் தாங்கியில் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக உள்ளே வைக்க, கை விலகி அசைவு நின்ற கணத்தில் மட்டும் ஒரு படம் எடுக்கும் பதிப்பை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்து நிமிடம் ஓடினால் 18,000 பிரேம், போன் கையைச் சுடுகிறது. தாங்கியில் நிற்பதால் காட்சி அசையாது, எனவே பிரேமை மிகச் சிறிதாக்கி முந்தையதோடு கழித்துப் பார்த்தாலே அசைவு தெரிந்துவிடும், அதையும் விநாடிக்கு ஐந்து முறை மட்டும் செய்தால் சூடு அடங்குகிறது. வயர் மூட்டையை மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை. செயலி அதற்கு "வயர்கள்" என்று பெயர் வைத்தது, அக்கா "உன் குப்பை" என்று திருத்தி வைத்திருக்கிறாள்.

போன வாரம் மறுபடி அதே ஸ்குரூ டிரைவரைத் தேடினேன். 11ஆம் பெட்டி, 17ஆவது விநாடி, துண்டு வீடியோவில் மஞ்சள் கைப்பிடி பளிச்சென்று தெரிகிறது. ஏணி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கிப் பார்த்தேன், இல்லை. இரண்டு மாதம் முன்னால் எடுத்துக் கதவுத் தாழ்ப்பாளை முடுக்கிவிட்டு வேறெங்கோ வைத்தது நான்தான். இப்போது ஒவ்வொரு தேடல் முடிவுக்குக் கீழேயும் வீடியோ எடுத்த தேதியும், "எடுத்துவிட்டேன்" என்று ஒரு பொத்தானும் இருக்கின்றன. பொத்தானை அழுத்த நான் இரண்டு முறை ஏற்கெனவே மறந்தாயிற்று.